வியாழக்கிழமை மட்டும் பொங்கிய மா

ஓய்வு பெற்ற முதல் குளிர்காலத்திலேயே என் சொந்த வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்பை நான் கொன்றுவிட்டேன். பழுதாகிவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். மனைவி ஏற்றுக்கொள்ளவில்லை.

யாழ்ப்பாணத்தில் மைத்துனியின் மகளுக்குக் கலியாணம். தை மாதம். பெட்டிகள் வாசலுக்குப் போய்விட்டன, டாக்ஸிக்காரன் ஒருமுறை ஹோர்ன் அடித்துவிட்டான். வீட்டைப் பூட்டுமுன் நம் ஆட்கள் செய்கிற கடைசிக் காரியங்களை நானும் செய்தேன். சமையலறைக் குழாயை இறுக்கினேன், அடுப்பைத் தடவிப் பார்த்தேன், சாமிப் படத்துக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டேன், மின்சாரப் பெட்டியைத் திறந்து மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினேன். 'டப்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்காமல் எங்கள் குடும்பத்தில் எவரும் பயணம் புறப்பட்டதில்லை. விமானத்தில் நிம்மதியாகத் தூங்கினேன்.

வேலை செய்த காலமெல்லாம் வீடு வீடாகப் போய் நான் சொன்ன ஒரே வேதவாக்கு இது: குளிர்காலத்தில் வீட்டை விட்டுப் போனால் எதை வேண்டுமானாலும் நிறுத்துங்கள், மெயினை மட்டும் இறக்காதீர்கள். இந்த மெசினின் பாதி உடம்பு வெளியே நிற்கிறது. வீட்டுத் தண்ணீர் அதன் வயிற்றுக்குள் போய் வருகிறது. வெளியே உறைகிற இரவுகளில் அது தானாகவே தண்ணீரைச் சுற்றவிட்டுத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். அதற்கு மின்சாரம் வேண்டும். நாங்கள் கலியாண வீட்டில் பயற்றம் பணியாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்த கிழமையில், நாங்கள் குடியிருக்கும் திரான்சி உறைந்தது. தண்ணீர் பனிக்கட்டியாகி, உள்ளே இருந்த எஃகுத் தகடுகளை வெடிக்க வைத்துவிட்டது.

பழுது பார்க்க வந்தவர்கள் என் பழைய கம்பனி ஆட்கள். யார் மெயினை இறக்கியது என்று கேட்டார்கள். நான் தொண்டையைச் செருமினேன். மனைவி, இத்தனை வருடத்தில் என்னிடம் ஒருநாளும் பேசாத தெளிவான பிரெஞ்சில், "என் கணவர்தான். அவர் இந்தத் துறையில் நிபுணர்" என்றாள்.

அவர்கள் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு அவர்களில் ஒருவர், எங்கள் ஊர்ப் பெடியன்தான், "அண்ணை, இப்ப எல்லாத்தையும் ஃபோனிலை பாத்துத் திருத்துறம். வீட்டு ஆக்களின்ரை முகத்தையே காணுறேல்லை. நீங்கள் செய்த நல்ல வேலை ஒண்டைப் பற்றி நாங்கள் படிக்க எழுதித் தாங்கோவன்" என்றார். யோசித்துப் பார்த்தேன். குறை சொல்ல முடியாதபடி, அளவுகள் எல்லாம் சரியாக, மூலைகள் எல்லாம் சுத்தமாக நான் செய்த வேலை ஒன்று இருக்கிறது. நினைத்து வருந்துவதும் அந்த ஒன்றைப் பற்றித்தான். அதையே எழுதுகிறேன்.

நான் தொழில் பழகிய கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. வந்து இறங்கினேன், உணவகத்தில் கோப்பை கழுவினேன், வெந்நீரோடு எனக்கு ஏற்பட்ட உறவு அங்கேதான் தொடங்கியது. பிறகு ஒரு பயிற்சி நிலையத்தில் குழாய் வளைக்கவும் பற்றவைக்கவும் கற்றுத் தந்தார்கள். இலக்கியம் படித்துவிட்டு வந்த எனக்கு முதல் ஆறு மாதம் குழாய் தவிர எல்லாம் வளைந்தது. கடைசியில் நம் ஆட்களின் கடைத்தெருவான லா ஷப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் ஒரு முற்றத்துக்குள் பட்டறை வைத்திருந்த ஒருவர் என்னை வேலைக்கு எடுத்தார். பெயர் மிஸ்யூ எர்வே.

மிஸ்யூ எர்வே உயரமான, மெல்லிய, அவசரம் என்றால் என்னவென்று தெரியாத மனிதர். பிரெஞ்சில் நீ என்றும் நீங்கள் என்றும் இரண்டு உண்டு. அவருக்கு நான் நீ. வாடிக்கையாளர் நீங்கள். மெசினும் நீங்கள். வீட்டுக்கு வெந்நீர் காய்ச்சும் பொயிலரின் மூடியைக் கழற்றும்போது, "எங்கே, உங்களுக்கு என்ன கஷ்டம், பார்ப்போம்" என்று மெதுவாகச் சொல்வார். பதினைந்து வருடம் அவரோடு வேலை செய்தும் அந்த மரியாதைக்கு நான் உயரவில்லை.

ஒரு வீட்டுக்குள் போனால் அவர் முதலில் மெசினுக்குப் பக்கத்தில் போகவே மாட்டார். சமையலறையில் உட்காருவார். யார் எத்தனை மணிக்குக் குளிக்கிறீர்கள், பகலில் வீட்டில் யார் இருப்பது, எந்த அறைக் கதவு எப்போதும் பூட்டியிருக்கிறது, உடுப்பு எங்கே காயப்போடுகிறீர்கள். இப்படியே ஒரு கோப்பி முடியும்வரை கேட்பார். பிறகு ஒவ்வோர் அறையாக நடந்து, வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரை மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை, புறங்கையால் தொடுவார். உள்ளங்கை பொய் சொல்லும் என்பது அவர் கொள்கை. அதன் பிறகுதான் அழுத்தமானி. அதன் பிறகு குழாய்களில் இருந்து வரும் இரும்புச் சேறு தங்குகிற வடிகட்டி. திறந்தால் கறுப்புக் கோப்பி மாதிரித் தண்ணீர் வரும். அது தெளியும்வரை பொறுமையாக நிற்பார்.

எல்லாம் முடிந்தபின் அவருக்குப் பிடித்த வேலை: குழாய்களுக்குக் கறுப்பு நுரைப்பஞ்சுச் சட்டை போடுவது. சூடு வெளியே கசியாமல் இருக்க எல்லோரும் போடுவதுதான். ஆனால் மற்றவர்கள் மூலைகளில் சும்மா மடித்துவிடுவார்கள். இவர் முழங்காலில் நின்று, படச்சட்டத்தின் மூலையைப் போலச் சரிவாக வெட்டிப் பொருத்துவார். ஊசி போகாது. "சூடு கைக்குத் தெரிகிறது என்றால் அது எங்கேயோ வீணாகிறது என்று அர்த்தம்" என்பார்.

காஸ் பொயிலர்களை மாற்றி ஹீட் பம்ப் போடும் காலம் வந்தபோது, இதற்காகவே பிறந்தவர் போல ஆகிவிட்டார். மெசின் காற்றில் இருக்கிற கொஞ்சச் சூட்டையும் பொறுக்கி எடுத்துத் தண்ணீருக்குள் ஏற்றுகிறது. ரேடியேட்டரில் ஓடும் தண்ணீர் கொதிக்காது, வெதுவெதுப்பாக இருக்கும். வெளியே குளிர் கூடக் கூட அந்த வெதுவெதுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தும் ஒரு கணக்கு உண்டு. அதைச் சரியாக வைத்துவிட்டால் பிறகு தொடாமல் இருப்பதுதான் அந்த மெசினை இயக்கும் முறை. நம் ஆட்களுக்கு இது பிடிபடவே இல்லை. வேலையால் வந்ததும் முழுச் சூட்டுக்குத் திருகிவிட்டு ரேடியேட்டரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கப் பழகியவர்கள் நாங்கள். ஒரு வீட்டில் அந்த அம்மா வெளியே நின்ற மெசினுக்குக் கம்பளி போர்த்தி, சாக்குக் கயிற்றால் கட்டியிருந்தார். காற்று உள்ளே போக வழியில்லாமல் அது மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. "பாவம் தம்பி, உங்களுக்கெல்லாம் சூடு தந்துபோட்டு அது குளிருக்கை நிக்குது" என்றார். மிஸ்யூ எர்வேக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் வெகுநேரம் அந்தக் கம்பளியைப் பார்த்துவிட்டு, "இந்த வேலையில் எனக்குக் கிடைத்த மிக நல்ல வாடிக்கையாளர்" என்றார்.

திலகம் அக்காவின் வீடு திரான்சியில், என் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. அவருடைய கணவர் சிவபாதம் அண்ணைக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்திருந்தது. பேச்சு மிச்சம் இருந்தது. அதுவும் நிறையவே இருந்தது. அரசியலிலிருந்து மீன் விலை வரைக்கும் நாள் முழுக்க யாராவது கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டைவிட்டு அவர் வெளியே வேலைக்குப் போகவில்லை. அது எப்படிக் கட்டுப்படியாகிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர் வீட்டிலேயே தோசை மா அரைத்து, லா ஷப்பலில் குகனின் கடைக்கு வாளி வாளியாகக் கொடுத்தார். குகன் அதில் பாதியைச் சின்ன டப்பாக்களில் விற்றான், மீதியைக் கடையின் பின்பக்கத்தில் தோசையாகச் சுட்டு விற்றான். இதற்குப் பதிவு, அனுமதி, சமையலறைப் பரிசோதனை என்று ஒன்றும் கிடையாது. மா இருந்தது, தோசை இருந்தது, அவ்வளவுதான்.

அண்ணையின் அறை வடக்குப் பக்கம். பழைய பொயிலரில் அந்த அறை மட்டும் சூடாகாது. வாதக்காரருக்குக் குளிர் ஆகாது என்று மருத்துவர் சொன்னதால் ஹீட் பம்ப் போட முடிவாயிற்று. மிஸ்யூ எர்வேயும் நானும் வீடு பார்க்கப் போனோம்.

சமையலறைக் கேள்விகள் முடிந்து, பின்னால் இருந்த சின்ன அறைக்கு வந்தோம். பழைய பொயிலர் அங்கேதான் இருந்தது. கதவைத் திறந்ததும் முகத்தில் சூடு அடித்தது. மிஸ்யூ எர்வே பொயிலரைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"இந்த அறையில் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். "என்னவாம்?"

"இந்த அறையிலை என்ன செய்யிறியள் எண்டு கேக்கிறார்."

"ஒண்டுமில்லை எண்டு சொல்லும் தம்பி. சாமான் போடுற அறை."

"சாமான் அறை" என்று நான் மொழிபெயர்த்தேன்.

அக்காவுக்குப் பின்னால் படுக்கை விரிப்பால் மூடிய ஓர் உருவம் இடுப்பளவு உயரத்தில் நின்றது. விரிப்புக்குக் கீழே கிறைண்டரின் வயர் வால் போல நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மூடி போட்ட வாளிகள். புளித்த மாவின் வாசம் அறை முழுக்க. நான் கண்டேன். நான் கண்டதை அக்காவும் கண்டார். இருவரும் பொயிலரைப் பார்த்தோம்.

நம் ஆட்களிடையே இது ஒரு மரியாதை. ஒருவர் மறைக்கும் பொருளின் பக்கம் கண்ணைக் கொண்டுபோகக் கூடாது. யார் யாருடைய விசாப் பத்திரத்தில் வேலை செய்கிறார், எந்த முகவரியில் எத்தனை பேர் என்று லா ஷப்பலில் யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்காமல் இருந்ததால்தான் நாங்கள் பலபேர் பிழைத்தோம். அந்த நாகரிகம் எனக்கு இருந்ததில் அன்று கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன்.

மிஸ்யூ எர்வே அந்த அறைக்கு ரேடியேட்டர் தேவையில்லை என்று குறித்துக்கொண்டார். சாமான்களுக்கு எதற்குச் சூடு?

இலையுதிர் காலத்தில் வேலை முடிந்தது. பொயிலர் போன இடத்தில் வெந்நீரைச் சேர்த்து வைக்கும் தாங்கி வந்தது. ஆளுயரத்தில், தடித்த உறையோடு. குழாய்களுக்குச் சட்டை நான் போட்டேன். மூலைகளை மிஸ்யூ எர்வே புறங்கையால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவரிடமிருந்து அதைவிடப் பெரிய பாராட்டுக் கிடையாது. அண்ணையின் அறை முதல் தடவையாக வீட்டின் மற்ற அறைகளைப் போல ஆனது. "தம்பி, எனக்குக் கால் இருக்கெண்டு இப்பதான் தெரியுது" என்றார் அண்ணை. "ஒண்டுதான் தெரியுது. மற்றதுக்கு வேறை மெசின் கொண்டு வாரும்."

வெள்ளிக்கிழமைகளில் மிஸ்யூ எர்வே குகனின் கடையில் மதியம் தோசை சாப்பிடுவார். கத்தியும் முள்ளும் வைத்து, குழாய் வெட்டுவது போல ஒரே அளவில் வெட்டி. கார்த்திகை மாதத்து வெள்ளி ஒன்றில் அவர் தோசையோடு இருந்தார். நான் தேத்தண்ணிக்காகக் கல்லாப் பக்கம் நின்றேன். அக்கா தள்ளுவண்டியில் வாளிகளோடு வந்தார்.

குகன் மூடியைத் திறந்து கரண்டியால் கிளறினான். "அக்கா, இது மா இல்லை, சுண்ணாம்பு. கல்லிலை ஊத்தினா ஒரு கண் திறக்குதில்லை. சனம் திருப்பிக் கொண்டு வந்து தருது."

"அரிசி மாத்திப் பாத்திட்டன் குகன். உழுந்து மாத்திப் பாத்திட்டன். வெந்தயம் கூடப் போட்டன். யாரோ கண் வைச்சிட்டினம்."

"நேற்றையான் மா நல்லாத்தானே இருந்தது. பொன் மாதிரி."

"வியாழக்கிழமை மா மட்டும் பொங்குது. போன வியாழனும் அப்பிடித்தான். குரு பகவான்ரை பார்வை. நான் விரதம் பிடிக்கத் தொடங்கிட்டன்."

"அப்ப கிழமை முழுக்க வியாழக்கிழமையா இருக்கச் சொல்லி அவரைக் கேளுங்கோ. இல்லாட்டி நான் வேறை ஆக்களிட்டை எடுக்கவேண்டி வரும். குறை நினைக்காதேங்கோ."

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். புதன்கிழமை இரவு. வெந்நீர்த் தாங்கியில் கிருமி வளராமல் இருக்க, கிழமைக்கு ஒருமுறை மெசின் அந்தத் தண்ணீரை வழக்கத்தைவிட மிகவும் சூடாக்கும். அன்று தாங்கி நிற்கிற அறைக்குள்ளும் கொஞ்சச் சூடு கசியும். எந்த இரவில் என்பதை வேலை செய்பவர் தேர்ந்து வைக்கலாம். திலகம் அக்கா வீட்டில் புதன் இரவு என்று தேர்ந்து வைத்த குரு பகவான் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை சூடு அளக்கும் கருவியோடு போனேன். வீடு எங்கும் இருபத்தொரு பாகை. அந்தச் சின்ன அறைக்குள் பதினைந்து. அக்காவிடம் கேட்டேன்.

"முந்தி இஞ்சை எப்பிடி இருந்தது?"

"உள்ளை வந்தா வேர்க்கும். குளிர்காலத்திலும் வாளி மூடியைத் தள்ளிக்கொண்டு நிக்கும்."

"அக்கா, உங்கடை மாவைப் புளிக்கவைச்சது அந்தப் பழைய பொயிலர். அது ஒழுக விட்ட சூடு முழுக்க இந்த அறைக்குள்ளைதான் நிண்டது."

"அப்ப பழுதான மெசின்தான் வேலை செய்ததோ?"

"ஓம்."

"புதுசு?"

"புதுசு சரியா வேலை செய்யுது. அதுதான் பிரச்சினை."

அக்கா ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தார். கரண்ட் ஹீட்டர் ஒன்று வாங்கி வைத்துப் பார்த்தாராம். கிறைண்டரும் அதுவும் ஹீட் பம்பும் சேர்ந்து ஓட, வீட்டு மின்சாரமே விழுந்துபோய் அண்ணையின் அறையும் குளிர்ந்துவிட்டது. அதோடு அதைத் தூக்கி மேலே போட்டுவிட்டார். "குகன்ரை கடை மா எடுக்கிறதை விட்டுப் போட்டா நான் வெளியிலை வேலைக்குப் போகவேணும் தம்பி. இந்த மனிசனை விட்டுட்டு எப்பிடிப் போறது? தண்ணி எடுத்துக் குடிக்கக்கூட ஏலாது. அதைவிட, கதைக்க ஆளில்லாட்டி செத்துப்போம் இது."

உள் அறையிலிருந்து அண்ணை, "எனக்குக் கேக்குது" என்றார்.

அன்று நான் செய்ததை ஒரு மெக்கானிக் செய்யக் கூடாது. தாங்கிக்குப் போகும் குழாய்களின் நுரைச் சட்டைகளை, நானே மூலை வெட்டிப் போட்டவற்றை, கத்தியால் கீறிக் கழற்றினேன். மதியத்தில் தண்ணீரைச் சூடாக்கும்படி வைத்திருந்த நேரத்தை, அக்கா மா அரைத்து வாளியில் விடும் மாலைக்கு மாற்றினேன். சூட்டைக் கொஞ்சம் கூட்டினேன். வெறும் குழாய்களைச் சுற்றி வாளிகளை அடுக்கி, பழைய கம்பளி ஒன்றால் எல்லாவற்றையும் சேர்த்து மூடினோம்.

மறுநாள் காலை தொலைபேசி. "தம்பி, மூடியைத் தள்ளிக்கொண்டு நிக்குது." என் வேலைக் காலத்தில் வந்த அழைப்புகளில் இதற்கு நிகராக ஒன்றுமில்லை. அந்தக் குளிர்காலம் குகன் ஒன்றும் குறை சொல்லவில்லை.

அடுத்த இலையுதிர் காலத்தில் வருடாந்தப் பராமரிப்பு வந்தது. நான் தனியே போகிறேன் என்று சொன்னேன். மிஸ்யூ எர்வே கேட்கவில்லை. தான் போட்ட மெசின் முதல் வருடத்தை எப்படிக் கடந்தது என்று நேரில் பார்ப்பது அவர் வழக்கம். அக்காவுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டேன். வாளிகள் படுக்கையறைக்குப் போயிருந்தன.

வெளியே மெசினில் சேர்ந்திருந்த இலைகளை அகற்றினார். மென்மையான தூரிகையால் தகடுகளைக் கழுவினார். வடிகட்டியைத் திறந்து தண்ணீர் தெளியும்வரை நின்றார். அண்ணையின் அறையில் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்து, அண்ணையின் இடக் கையைக் குலுக்கி, "நன்றாக இருக்கிறீர்களா?" என்று கேட்டார். பிறகு சின்ன அறைக்கு வந்தார். வெறும் குழாய்களைக் கண்டதும் நின்றுவிட்டார். புறங்கையால் தொட்டார். கையை உடனே எடுத்தார்.

"யார் இதைச் செய்தது?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "எலி, மிஸ்யூ" என்றார்.

மிஸ்யூ எர்வே வெட்டிய விளிம்பை விரலால் தடவினார். "நன்றாகக் கத்தி பிடிக்கத் தெரிந்த எலி" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை.

வண்டிக்குப் போய் நுரைக் குழாய்களும் பசையும் கொண்டுவந்தார். நான் செய்கிறேன் என்றேன், கையைக் காட்டி நிறுத்தினார். அறுபதைக் கடந்த மனிதர், குளிர்ந்த சிமெந்துத் தரையில் முழங்காலில் நின்று, மதியம் முழுவதும் ஒவ்வொரு மூலையாக வெட்டிப் பொருத்தி ஒட்டினார். நேரத்தையும் பழையபடி மதியத்துக்கு மாற்றினார். "மதியத்தில் வெளிக்காற்றுக் கொஞ்சம் சூடாக இருக்கும். மெசினுக்குச் சுகம், அவர்களுக்கும் செலவு குறைவு" என்று எனக்கு விளக்கினார். கோபத்தில் செய்யவில்லை. அந்த வீட்டுக்கு நல்லது செய்யும் மனதோடு செய்தார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சொல்லியிருக்கலாம். ஒரு வசனம் போதும். ஆனால் சொன்னால் அக்காவின் மா வெளியே வரும், பதிவில்லாத வேலை, மிஸ்யூ எர்வே சட்டம் தவறாத ஆள், என்ன செய்வாரோ என்று எனக்குப் பயம். அக்காவுக்கோ, உண்மையைச் சொன்னால் என் வேலை போய்விடும் என்று பயம். இப்படி ஆளுக்கு ஆள் காப்பாற்றிக்கொண்டு நின்றோம்.

போகும்போது வாசலில் மெதுவாகச் சொன்னேன். "ஞாயிற்றுக்கிழமை வந்து திரும்பக் கழட்டி விடுறன் அக்கா."

"வேண்டாம் தம்பி."

"ஏன்?"

"அந்த மனிசன் முழங்காலிலை நிண்டு ஒட்டினதை நான் பாத்துக்கொண்டு நிண்டனான். எந்தக் கையாலை பிய்க்கிறது?"

அந்தக் குளிர்காலத்தில் குகன், தொழிற்சாலையில் அரைத்துப் பைகளில் வரும் மாவுக்கு மாறினான். அக்கா ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். காலையில் போய்ப் பின்னேரம் வருவார். நடுவில் ஒரு தாதி வந்து அண்ணையைக் கழுவி, சாப்பாடு கொடுத்துவிட்டுப் போவாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. அண்ணைக்கு அவளுடைய அவசரம் தெரியாது.

அடுத்த முறை பராமரிப்புக்கு நான் தனியே போனேன். அண்ணை யன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். வானொலி தானாகப் பேசிக்கொண்டிருந்தது.

"சூடு எப்பிடி அண்ணை?"

"சூட்டுக்கு ஒரு குறையுமில்லை. கதைக்கத்தான் ஆளில்லை." பிறகு, "நீர் இருக்கிறீரோ, உடனை போறீரோ?" என்றார்.

எனக்கு அன்று இன்னும் மூன்று வீடுகள் இருந்தன. அறையை அளந்தேன். இருபத்தொன்று. தண்ணீர் அழுத்தம் சரி. வடிகட்டி சுத்தம். தாளில் 'எல்லாம் நல்ல நிலையில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. அண்ணை அப்படி இரண்டு குளிர்காலம் பகலெல்லாம் தனியே இருந்தார். பிறகு ஆஸ்பத்திரி, பிறகு இல்லை.

மிஸ்யூ எர்வே வெள்ளிக்கிழமைத் தோசையைத் தொடர்ந்து சாப்பிட்டார். ஒருநாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "இவர்கள் மாவை மாற்றிவிட்டார்கள். முன்பு ஒரு புளிப்பு இருக்கும்" என்றார்.

"அப்படியா?" என்றேன்.

அதன் பிறகு அவர் தோசை கேட்பதில்லை. கோழிப் புரியாணிக்கு மாறிவிட்டார். ஓய்வு பெற்று மேற்கே கடலோரத்துக்குப் போய்விட்டார். புதுவருடத்துக்கு ஓர் அட்டை வரும், நானும் ஒன்று அனுப்புவேன். இன்றுவரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்பது எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். காட்டிக்கொடுத்திருக்க மாட்டார். சமையலறையில் திரும்ப உட்கார்ந்து இன்னொரு கோப்பி கேட்டிருப்பார். மாவுக்கு எத்தனை பாகை வேண்டும், எத்தனை மணி நேரம், காற்றுப் பட்டால் கோபிக்குமா என்று விசாரித்திருப்பார். அந்தச் சாமான் அறைக்கு ஒரு சின்ன ரேடியேட்டர் வரைந்திருப்பார். மாவையும் நீங்கள் என்றே அழைத்திருப்பார். வீட்டில் இருப்பவர்களைக் கேட்டுவிட்டுத்தான் மெசினைத் தொட வேண்டும் என்பது அவர் எனக்குக் கற்றுத் தந்த முதல் பாடம். கேள்வியை அவர் கேட்டார். பதிலை மறைத்து மொழிபெயர்த்தவன் நான்.

சென்ற மாதம் லா ஷப்பலில் மரக்கறிக் கடை ஒன்றில் திலகம் அக்காவைக் கண்டேன். முருங்கைக்காயை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் இப்போது ஓய்வு. நலம் விசாரித்தேன். வீடு நல்ல சூடாக இருக்கிறதாம். இத்தனை வருடம் மனதில் வைத்திருந்ததை அங்கேயே, வெண்டிக்காய்ப் பெட்டிக்கும் கத்தரிக்காய்ப் பெட்டிக்கும் நடுவில் நின்று கொட்டினேன். முதல்நாளே அந்த மனிசனிட்டை சொல்லியிருக்க வேணும் அக்கா, அந்த அறைக்குத் தனிக் குழாய் இழுத்து, தனி வால்வு வைத்து, சின்ன ரேடியேட்டர் ஒன்று பூட்டியிருந்தால் நீங்கள் அண்ணையோடேயே இருந்திருப்பீர்கள் என்று, தண்ணீரின் சூடு, குழாயின் விட்டம் உட்பட விளக்கினேன்.

அக்கா முழுவதையும் கேட்டார். முருங்கைக்காய்களைப் பைக்குள் வைத்தார்.

"குழாய் ஒண்டும் தேவையில்லை தம்பி. இப்ப மருமகள் அலுமாரிக்குள்ளை வைச்சுத்தான் மா புளிக்க வைக்கிறவ. அந்தப் பல்லி, ஓணான் வளர்க்கிற ஆக்களுக்கு ஒரு பல்ப் விக்கிறாங்கள். சூடு மட்டும் வரும். கரண்டும் இழுக்காது. எத்தினை வாளி வைச்சாலும் பொங்குது."

நான் அவருடைய பையை வாங்கிப் பிடித்தேன்.

"பல்லிக்குக் குளிருமெண்டு யோசிச்சு ஒருத்தன் பல்ப் செய்து வைச்சிருக்கிறான்" என்றார் அக்கா. "நீங்கள் ரெண்டு பேர் வண்டி நிறையச் சாமானோடை வந்து நிண்டனீங்கள். சரி விடும், இந்த முருங்கைக்காய் பிஞ்சோ முத்தலோ எண்டு பாத்துச் சொல்லும். அதாவது தெரியுமோ?"